துவக்கு அலுமாரியின் திறப்பு

ஸ்ட்ரெதம், லண்டன்
06.10.2024

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் சுகம் எப்படி? ஒட்டுசுட்டானில் மழை இறங்கிவிட்டதா? "அத்தைக்கு போனில மெசேஜ் போடுங்கோவன் அப்பா" என்று மாலினி ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். செவி போனவளுக்குக் கடிதம்தான் சத்தம் என்று நீ எழுதியதை அவளுக்குச் சொன்னேன். லண்டனின் மற்றக் கோடியில், பார்க்கிங் ஊரில் இருந்துகொண்டு அவளுக்கு அது விளங்காது.

உன் மச்சாள் ருக்குமணியின் முதலாம் ஆட்டைத் திவசம் போன மாதம் முடிந்தது. ஐயர் வந்தார், பத்துப் பேர் சாப்பிட்டார்கள், போனார்கள்.

இனிச் செய்தி. சிரிக்காதே. எனக்குத் துவக்கு வைத்திருக்க அனுமதி வந்துவிட்டது. அப்பா பன்றிக் காவலுக்குப் போகும்போது அந்த இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தொடக்கூட என்னை விடவில்லை. "மீசை முளைக்கட்டும், பாப்பம்" என்பார். மீசை முளைத்த நேரம் இயக்கப் பெடியள் வந்து ஊர்த் துவக்கெல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த மாசமே அப்பா என்னைப் பிளேன் ஏற்றிவிட்டார். இங்கே வந்து கலியாணம் கட்டிய நாள் முதல் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மச்சாளிடம் கேட்பேன், ஒரு துவக்கு வாங்கட்டோ என்று. "துவக்கு உள்ளுக்கு வந்தால் நான் வெளியில போயிடுவன்" என்பாள். வருசா வருசம் ஒரே கேள்வி, ஒரே பதில். இப்போது மறுக்க ஆளில்லை. அதனால் விண்ணப்பம் போட்டேன்.

என்னோடு வேலை செய்த தமிழ்நாட்டுக் குருமூர்த்தி எனக்காகச் சாட்சி சொன்னார். டொக்டர் "நித்திரை வருகிறதா, மனச்சோர்வு உண்டா" என்று கேட்டார். வருகிறது, இல்லை என்றேன். பொலிஸ் அதிகாரி ஒரு பெண், வீட்டுக்கே வந்து பார்த்தாள். ருக்குமணியின் சீலைகள் தொங்கிய அலுமாரிக்குள் இரும்புப் பெட்டகம் ஒன்றைச் சுவரோடு பூட்டியிருக்கிறேன். சீலைகள் சூட்கேசுக்குப் போய்விட்டன. பெட்டகத்தின் திறப்பு, அந்தச் சாவி, எங்கே இருக்கிறது என்பது என்னைத் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது சட்டம். மாலினிக்குத் துவக்கு விஷயமே தெரியாது. நீயும் சொல்லாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணா, கமலநாதன்

---

ஒட்டுசுட்டான்
30.10.2024

அன்புள்ள அண்ணைக்கு,

கடவுள் புண்ணியத்தில் நானும் மாடுகளும் சுகம். பன்றிகள் எங்கள் எல்லாரையும்விடச் சுகம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். செய்யமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அறுபது தாண்டியவர்கள் காசிக்குப் போவார்கள். நீங்கள் துவக்கு வாங்கப் போகிறீர்கள். லண்டனில் எந்தப் பன்றி உங்கள் வயலில் இறங்கியது?

பக்கத்து வீட்டு இம்மாகுலேற்றின் புருஷன் றூபனும் வயற்காவலுக்கு ஒரு துவக்குக் கேட்டு ஆறு வருடமாக அரசாங்கக் கச்சேரிக்கும் கொழும்புக்கும் நடக்கிறான். கடுதாசி மேல் கடுதாசி. அவன் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். உங்களுக்கு ஒரு வருடத்தில் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். ஒரு நேரம் அவன் சோறே சாப்பிடவில்லை.

திறப்பு இருக்குமிடம் ஒருவருக்கும் தெரியாது என்கிறீர்கள். சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்திருப்பீர்கள். அம்மா வைத்ததும் அங்கேதான், நான் வைப்பதும் அங்கேதான். அந்தப் பொலிஸ் பிள்ளைக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

யார் சமைக்கிறார்கள்? என்ன சாப்பிடுகிறீர்கள்? அதை எழுதவில்லை.

உங்கள் புனிதா

---

ஸ்ட்ரெதம்
24.11.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து, வாசித்து, பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அதன் பிறகு திறப்பை அரிசி வாளிக்குள் வைத்தேன். அரிசி அளக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது. மறுபடி பிள்ளையாரிடமே கொடுத்துவிட்டேன். குளிர் தொடங்கிவிட்டது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

துவக்கு வாங்கிவிட்டேன். அப்பாவுடையது போலவே இரட்டைக்குழல், பழையது. கையில் வாங்கியவுடன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். பாரமாக இருந்தது, அவ்வளவுதான்.

குருமூர்த்தி காரில் கூட்டிக்கொண்டு போனார். லண்டனுக்கு வெளியே ஒரு புல்வெளி. ஆங்கிலத்தில் "புல்" (இழு) என்று கத்தினால் ஒரு யந்திரம் களிமண் தட்டை வானத்தில் எறியும். அதைச் சுடவேண்டும். முதல் வெடிக்கே தோள்மூட்டு நீலம் பாரித்துவிட்டது. பிறகு சில தட்டுகளை உடைத்தேன். வெள்ளைக்காரர்கள் நல்ல மனிதர், கைதட்டினார்கள். துண்டுகள் புல்லில் விழுந்தன. அப்பா சுட்ட பன்றியைப் போல அதைத் தூக்கிவந்து பங்குபோட ஒருவருமில்லை, விடிய எழும்பிக் கதை கேட்க ஒருவருமில்லை. "நல்லாத்தான் சுடுறீங்க சார், ஆனா முகத்துல சந்தோஷமே காணோமே" என்றார் குருமூர்த்தி. குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன். சுடுகிற எல்லாருக்கும் காதை மூட ஒரு கருவி கொடுக்கிறார்கள். ஷெல் விழுந்த நாட்களில் உனக்கு அப்படி ஒன்றை ஒருவரும் கொடுக்கவில்லையே என்று நினைத்தேன்.

துவக்குப் பையோடு வீட்டுக் கதவைத் திறந்தபோது, சண்டை பிடிக்க ஒருத்தி வருவாள் என்று சற்று நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

இரவுகள் நீளம். நித்திரை சரியில்லை. வேறொன்றுமில்லை.

அண்ணா

---

ஒட்டுசுட்டான்
15.12.2024

அன்புள்ள அண்ணைக்கு,

மழை, வெள்ளம், எனக்குத் தடிமனும் மூக்கடைப்பும். அதைத் தவிர நல்லாயிருக்கிறேன். உங்கள் தோள் வலி மாறிவிட்டதா?

றூபனுக்கும் துவக்கு வந்துவிட்டது! ஊரே போய்ப் பார்த்தது. இம்மாகுலேற் அதற்கு மெழுகுதிரி கொளுத்தினாள். மூன்றாம் நாள் யானை வந்தது. றூபன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் ஆகாயத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தான். யானை செவியை ஆட்டிவிட்டு வாழையைத் தின்றது. இரண்டாவது தோட்டா ஈரம், வெடிக்கவில்லை. யானை தின்று முடித்து, அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போனது. இப்போது பழையபடி தகரம் தட்டித்தான் யானையை விரட்டுகிறான். துவக்குச் சுவரில் தொங்குகிறது. "ஆறு வரியமா உதுக்கோ அலைஞ்சனான்?" என்று என்னிடம் கேட்டான். அவன் வாயைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். பாவமாக இருந்தது.

நீங்களும் அதை விற்றுவிடுங்கள் அண்ணை. ஆசைப்பட்டீர்கள், பார்த்தாயிற்று. தைப்பொங்கலுக்கு வாருங்கள். தகரம் தட்ட எங்களுக்கும் ஆள் வேண்டும்.

டொக்டரிடம் நித்திரை வருகிறது என்றீர்கள். எனக்கு வரவில்லை என்று எழுதுகிறீர்கள். இரண்டில் எது உண்மை?

புனிதா

---

ஸ்ட்ரெதம்
12.01.2025

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்துக்கள். தடிமன் சுகமாகியிருக்கும். நான் நன்றாக இருக்கிறேன். உண்மையில் இப்போதுதான் மனம் தெளிவாக இருக்கிறது.

பொங்கலுக்கு வர வசதிப்படவில்லை. சுடவும் போவதில்லை. குருமூர்த்தி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டார். பின்னேரங்களில் துவக்கை வெளியே எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு உள்ளே வைக்கிறேன். சுடாத துவக்கில் அழுக்கு என்ன இருக்கப்போகிறது? ஆனாலும் துடைக்கிறேன்.

வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன். ருக்குமணியின் நகைகளை மாலினியிடம் கொடுத்துவிட்டேன். கறிவேப்பிலைச் சாடியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். குளிரில் அதைப் பார்த்துக்கொள்ள எனக்கு முடியாது. ஒட்டுசுட்டானில் என் பங்குக் காணியை உன் பெயருக்கு எழுத நொத்தாரிசுக்குச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்து வைக்கச் சொன்னால் வை. கேள்வி கேட்காதே.

நீ எனக்கு எப்போதும் நல்ல தங்கையாகவே இருந்தாய். அதை எழுதவேண்டும் என்று தோன்றியது.

அண்ணா

---

ஒட்டுசுட்டான்
03.02.2025

அண்ணை,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. அதிலே திகதி மூன்று கிழமைக்கு முந்தியது. அந்த மூன்று கிழமையும் நீங்கள் இருந்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. இம்மாகுலேற்றின் மகள் மிதுஷாவைச் சிக்னல் பிடிக்க அவர்கள் வீட்டு மாடியில் ஏற்றி, மாலினிக்குப் போன் எடுப்பித்தேன். "அப்பா ஓகே அத்தை, ஏன்?" என்றாளாம். அப்பாவுக்குச் சமைக்க ஆளில்லை, உடனே போய் அங்கே நில் என்று சொல்லச் சொன்னேன். இன்றைக்கே போகிறேன் என்றாளாம். மிச்சத்தை அவளுக்கு நீங்கள் சொல்லவேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

மனம் தெளிந்தவன் நகையைக் கொடுத்து, செடியைக் கொடுத்து, காணியைக் கொடுத்து, தங்கைக்கு நல்ல சேட்டிபிக்கேற்றும் கொடுக்கமாட்டான். எனக்குச் செவிதான் இல்லை.

உங்களுக்கு நான் எழுதாத ஒன்றை எழுதுகிறேன். போர் முடிந்து முகாமிலிருந்து இந்த வளவுக்குத் திரும்பி வந்தபோது வீடு இல்லை, அவர் இல்லை, பிள்ளை இல்லை. கிணறு மட்டும் இருந்தது. நான் அடிக்கடி கிணற்றடியில் போய் நிற்பேன். தண்ணீர் அள்ள அல்ல. ஒருநாள் போனபோது துலாவில் கயிறு இல்லை. இம்மாகுலேற் கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் தொங்கவிட்டிருந்தாள். கிணற்றுக்கு மேலே பலகையும் போட்டு, கல்லும் ஏற்றி வைத்திருந்தாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வேலியால் போய் அவளிடம் கயிறு கேட்கவேண்டும். அவள் என்னோடு வந்து பலகையைத் தூக்கி, நான் அள்ளி முடியும்வரை நின்றுவிட்டுப் போவாள். நான் அவளை ஏசினேன். அவள் அசையவில்லை.

அந்தத் திறப்பை எனக்கு அனுப்புங்கள்.

சட்டம் என்று சொல்லாதீர்கள். அதன் இடம் எனக்குத் தெரிந்த அன்றைக்கே உங்கள் சட்டம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை முல்லைத்தீவுக்குப் போய் கூரியரில் போடுகிறேன். நீங்களும் அப்படியே அனுப்புங்கள்.

எனக்கு இருக்கும் ஒரே சகோதரம் நீங்கள். உங்கள் காணி எனக்கு வேண்டாம்.

புனிதா

---

ஸ்ட்ரெதம்
18.02.2025

தங்கைக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் சுகம். நீ நினைக்கிற ஆள் நான் இல்லை.

மாலினி ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். வேலைக்கு இங்கிருந்தே போய்வருகிறாள். ரயிலில் ஒன்றரை மணித்தியாலம். "அத்தை சொன்னவ" என்கிறாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. குசினியில் என் ஒழுங்கெல்லாம் போய்விட்டது. ஒரு விதவைப் பெண்ணின் பயத்துக்காக ஒரு வீட்டையே தலைகீழாக்கிவிட்டாய்.

இதோ திறப்பு. பருத்திப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன். இனியாவது ஆறுதலாக நித்திரை கொள்.

கமலநாதன்

---

ஒட்டுசுட்டான்
04.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்ப முயற்சிக்கிறேன். திறப்பு வந்தது. விதவைப் பெண் என்று எழுதினீர்கள். நீங்களும் பெண்சாதி இல்லாத ஆம்பிளைதான். அதனால் கோபம் வரவில்லை.

எந்தப் பூட்டை வாங்கினாலும் இரண்டு திறப்புத் தருவார்கள்.

புனிதா

---

ஒட்டுசுட்டான்
20.05.2025

அண்ணை,

நீங்கள் பதில் எழுதி மூன்று மாதமாகிறது. தபால்காரன் சைக்கிள் மணியை எனக்காக அடிப்பதில்லை, கையை ஆட்டிக் காட்டுவான். ஒவ்வொரு நாளும் இல்லை என்றே ஆட்டுகிறான்.

மிதுஷா ஞாயிற்றுக்கிழமைகளில் மாலினியோடு கதைத்துவந்து, நீங்கள் சாப்பிட்டதையும் சாப்பிடாததையும் எழுதிக் காட்டுகிறாள். அதனால் இருக்கிறீர்கள் என்று தெரியும். எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாது. மாலினிக்குச் சொல்லிவிட்டீர்களா? இந்த மாதத்துக்குள் சொல்லாவிட்டால் நான் எழுதுவேன், அவளுக்கும், உங்கள் பொலிசுக்கும். என்னோடு கோபிக்க உங்களுக்கு நிறைய வருடம் இருக்கட்டும்.

பன்றி வந்து மரவள்ளி முழுக்கத் தோண்டிவிட்டது. எழுதுங்கள்.

புனிதா

---

ஸ்ட்ரெதம்
08.06.2025

அன்புத் தங்கை புனிதாவுக்கு,

உன் மரவள்ளி போனதற்கு வருந்துகிறேன். உன் உடம்பு எப்படி? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மற்றதை இன்று எழுதுகிறேன்.

நீ நினைத்தது சரி. இரண்டாவது திறப்பை நான் வைத்துக்கொண்டேன். பங்குனியில் ஒரு பின்னேரம் துவக்கை எடுத்துக்கொண்டு ருக்குமணி படுக்கிற பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குத் துடைக்கவில்லை. அவளோடு கதைத்தேன். "துவக்கு உள்ளுக்கு வந்திட்டுது, நீ எங்கை?" என்று கேட்டேன். எத்தனை வருட ஆசை, புனிதா. நான் ஆசைப்பட்டது இந்த இரும்புக்கு இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்கத்தான் வருசா வருசம் கேட்டிருக்கிறேன். அது அன்றைக்குத்தான் விளங்கியது. விளங்கியதால் ஒரு பயனும் இல்லை, இன்னும் இருட்டிப்போனது.

கீழே குசினியிலிருந்து மாலினி கத்தினாள். "அப்பா! பெருஞ்சீரகம் எங்கை வைக்கிறனீங்கள்?" மறுபடியும் கேட்டாள். பிறகு படியில் அவள் கால்சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறப்பதற்குள் துவக்கை உள்ளே வைத்துப் பூட்டினேன். அவளோடு கீழே போய்ப் பெருஞ்சீரகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து உனக்கு எழுத வெட்கம். போன கிழமை உன் கடிதம் வந்தது. துவக்கையும் பெட்டகத்தையும் பற்றிச் சொல்லிவிட்டு அதை அவள் கையில் கொடுத்தேன். தமிழை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க வெகுநேரம் எடுத்தது. அழுதாள். பிறகு எழும்பிப் போய்ப் பிள்ளையார் படத்தைத் தூக்கிப் பின்னால் திறப்பைத் தேடினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிப்போனாள். இந்த முறை நித்திரை வருவதில்லை என்றே சொன்னேன். மற்றதையும் சொன்னேன். மருந்து தந்திருக்கிறார், கிழமைக்கு ஒருமுறை ஓர் ஆளோடு கதைக்கவும் ஒழுங்கு செய்திருக்கிறார். பொலிசுக்கும் அறிவித்தாயிற்று. வருவார்கள், பெட்டகத்தை உடைத்துத் துவக்கை எடுத்துக்கொண்டு போவார்கள். உடைக்கத்தான் வேண்டும், ஏனென்றால் இதோ இரண்டாவது திறப்பு. உன்னிடம் இருக்கவேண்டியதை அவர்களிடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

சுகமாகிவிட்டேன் என்று எழுதமாட்டேன். காலையில் எழும்புவது இன்னும் பெரிய வேலையாக இருக்கிறது.

இரண்டு கேள்வி. இம்மாகுலேற் உனக்குக் கயிற்றை எப்போது திருப்பித் தந்தாள்? நீ எழுதவில்லை. மற்றது, ஒருநாள் நான் திறப்பைக் கேட்டால் தருவாயா?

அண்ணா

---

ஒட்டுசுட்டான்
29.06.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் அங்கே மருந்தைக் குடித்துக்கொண்டு இருப்பதும் நான் இங்கே வெயிலில் காய்ந்துகொண்டு இருப்பதும் இன்றைக்குப் போதும். அதற்கு மேல் சுகம் நான் எதிர்பார்க்கவில்லை.

திறப்பு வந்தது. இரண்டையும் ஒரு வளையத்தில் கோத்து இம்மாகுலேற்றிடம் கொடுத்தேன். அவள் வாங்கி, கயிறு தொங்குகிற ஆணியிலேயே கொழுவிவிட்டாள்.

ஓம், கயிறு இன்னும் அவள் வீட்டில்தான் தொங்குகிறது. தோட்டத்துக்கு மோட்டர் பூட்டிக் கனகாலம். கடையில் கயிறு வாங்கவும் எனக்குத் தெரியும். ஆனாலும் குடிக்கிற தண்ணீருக்கு விடிய எழும்பி வேலியால் போய் அவளிடம்தான் கேட்கிறேன். அவள் என்ன சொல்கிறாள் என்பது எனக்குக் கேட்காது, வாய் அசைவது தெரியும். "எழும்பிட்டியோ?" என்பாள். நான் தலையாட்டுவேன். ஒருநாள் நான் போகாவிட்டால் அவள் வந்து கதவைத் தள்ளுவாள். இத்தனை வருடமாக நான் எழும்புவது அப்படித்தான் அண்ணை. தானாக எழும்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனபடியால் நீங்களும் கேளுங்கள். பிறந்தநாள் வரும்வரை இருக்கவேண்டாம், மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். துவக்கைப் பொலிஸ் கொண்டுபோனாலும் பரவாயில்லை, பெட்டகம் உடைந்தாலும் பரவாயில்லை, திறப்பைக் கேளுங்கள். கடிதம் வராத மாதம் மாலினி வந்து உங்கள் கதவைத் தள்ளுவாள். கடிதம் வந்த மாதமெல்லாம் மச்சாள் சொன்ன பதிலை நான் சொல்லுவேன்.

இந்த மாதம் கேட்டதற்குப் பதில்: தரமாட்டன், அண்ணை.

உங்கள் தங்கை
புனிதா